ஆராய்ச்சியை எப்போது தொடங்குவது?

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு மூடநம்பிக்கை எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. காணி உறுதி முதல் கனடா விசா வரை என்னிடம் ஆலோசனை கேட்காத உறவினர் இல்லை. கேட்டபடி நடந்தவர்களும் இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். எனவே 2024 டிசெம்பரில், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகள், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பெரிதாகத் திடுக்கிடவில்லை.

"மாமா, நான் ரிசேர்ச் எப்ப தொடங்கவேணும்?"

பதினெட்டு வயது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் உயிர் விஞ்ஞானத்தில் முதலாம் ஆண்டின் முதற்பருவப் பரீட்சையை எழுதிவிட்டு விமானமேறியவள். மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அவளுடைய தகப்பனாருக்கோ அது விருப்பம் என்ற எல்லையைக் கடந்து எப்போதோ போய்விட்ட விடயம். தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்தில், வரும் மே மாதத்திலிருந்து நான்கு மாதங்கள் சம்பளமின்றி வேலைசெய்ய அவர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஜனவரி நடுப்பகுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவளோ இரசாயனவியலில் தடுமாறிக்கொண்டிருந்தாள். கோடைப்பருவத்தில் அந்தப் பாடத்தைத் திரும்பவும் எடுத்து, கூடவே புள்ளிவிபரவியலும் படிக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். இரண்டையும் ஒரே கோடையில் செய்ய இயலாது. "இப்ப தொடங்காட்டி மற்றப் பிள்ளையள் முன்னுக்குப் போயிடுவினமாம் எண்டு அப்பா சொல்லுறார்" என்றாள்.

இங்கிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். இலங்கையில் 'பிறிமெட்' என்றொரு படிநிலை கிடையாது. பிரிட்டிஷ்காரர் விட்டுச்சென்ற வழக்கப்படி, க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தேறிய பிள்ளை நேரே மருத்துவபீடத்துக்குப் போகிறது. அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. இஸட் புள்ளி ஒன்றே அங்கு பேசும். பிள்ளை எலியை அறுத்ததா, ஆய்வுகூடத்தில் குடுவை கழுவியதா என்று எவரும் கேட்பதில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படியல்ல. அங்கே பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகள் வேறொரு பட்டப்படிப்பைப் படித்த பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த விண்ணப்பத்தில் பெறுபேறுகளோடு தொண்டுப்பணி, ஆய்வு அனுபவம் என்று பலவும் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைகளின் ஆராய்ச்சி, கேள்வியிலிருந்து பிறப்பதற்கு முன்னரே விண்ணப்பப் படிவத்திலிருந்து பிறந்துவிடுகிறது. இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் தலைமுறை ரியூட்டரி வாசலில் காத்துக் கிடந்ததும் வேறெதற்காகவுமல்ல.

நானோ கலைப்பட்டதாரி. 1980களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் திறந்திருந்த நாட்களை எண்ணிக்கொண்டு படித்த காலத்தில், உயிரியல் பிரிவில் ஒருமுறை உயர்தரம் எழுதி, புள்ளி போதாமல் கலைப்பிரிவுக்கு மாறியவன். தவளையின் இரத்தச்சுற்றோட்டம் இன்றும் நினைவிருக்கிறது, வேறெதுவும் மிஞ்சவில்லை. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு ரொறன்ரோ மாணவிக்கு வழி சொல்வதெப்படி? ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. அது அவளுடைய பல்கலைக்கழகத்திலேயே நடந்த கதை.

1921ஆம் ஆண்டு மே மாதம். பிரெட்ரிக் பாண்டிங் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர், கணையத்திலிருந்து நீரிழிவுக்கான மருந்தைப் பிரித்தெடுக்கலாம் என்ற யோசனையோடு ரொறன்ரோப் பல்கலைக்கழக உடற்றொழிலியல் பேராசிரியர் மக்ளியோட்டிடம் வருகிறார். பேராசிரியருக்குப் பெரிய நம்பிக்கையில்லை. ஆயினும் கோடை விடுமுறைக்கு ஓர் ஆய்வுகூடத்தையும் சில நாய்களையும் கொடுக்கிறார். உதவிக்குத் தம் மாணவர் இருவரையும் குறிப்பிடுகிறார். சார்ள்ஸ் பெஸ்ட் ஒருவர், கிளார்க் நோபிள் மற்றவர். யார் முதலில் போவது? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் வென்றார். நோபிள் பின்னர் வந்து பொறுப்பேற்பதாக இருந்தது. ஆனால் வேலை பழகிவிட்ட பெஸ்டே தொடர்ந்தார். 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அந்த மருந்து தூய்மை போதாமல் பயன்தரவில்லை. கொலிப் என்ற உயிர் இரசாயனவியலாளர் தூய்மைப்படுத்திய மருந்தை 23ஆம் திகதி ஏற்றியபோது பையனின் இரத்தச் சீனி இறங்கியது. 1923இல் நொபெல் பரிசு பாண்டிங்குக்கும் மக்ளியோட்டுக்கும் கிடைத்தது. பாண்டிங் தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். அப்போது பெஸ்ட் மருத்துவர் ஆகியிருக்கவில்லை. மருத்துவப் பட்டத்தை அவர் பெற்றது 1925இல்தான். அதாவது, என் மருமகளின் மொழியில் சொன்னால், உலகின் மிகப் பிரசித்தமான 'பிறிமெட்' ஆராய்ச்சி அதுவே.

"அப்ப அப்பா சொல்லுறது சரிதானே?" என்றாள். நான் இந்தக் கதையைச் சொன்னது அதற்கு மாறான நோக்கத்தோடு. ஆனால் பிள்ளைகள் கதையை நாம் சொல்லும் இடத்தில் வாங்கிக்கொள்வதில்லை.

பெஸ்ட் அந்தக் கோடையில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது உடற்றொழிலியலிலும் உயிர் இரசாயனவியலிலும் பட்டப்படிப்பை முடித்திருந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் சீனியை அளப்பதற்கு அவருக்குத் தெரியும். பாண்டிங்குக்கு அது கைவராது. அந்தக் கைவேலைக்காகவே மாணவர் தேவைப்பட்டார். அப்படியிருந்தும், தொடக்க வாரங்களில் பெஸ்டின் அளவீடுகளில் கவனக்குறைவைக் கண்ட பாண்டிங் அவரைக் கடுமையாகக் கண்டித்தார் என்றும், கோபமுற்ற பெஸ்ட் பழைய கரைசல்களைக் கொட்டிவிட்டுப் பாத்திரங்களையெல்லாம் கழுவிப் புதிதாகத் தொடங்கினார் என்றும் வரலாறு சொல்கிறது. நூற்றாண்டு விழாக்களில் நாணயத்தைச் சுண்டிய கதையைத்தான் சொல்வார்கள். பாத்திரம் கழுவிய கதை எனக்கு அதைவிடப் பிடித்தமானது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இன்சுலின் சுரக்கும் அந்தச் சின்னஞ்சிறு திட்டுகளை 1869இல் முதன்முதலாக விவரித்தவர் பவுல் லங்கர்ஹான்ஸ் என்ற பேர்லின் மருத்துவ மாணவர். அப்போது வயது 21. கணையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, கண்டதைக் கண்டபடி தம் ஆய்வேட்டில் எழுதினார். இந்தத் திட்டுகள் என்ன செய்கின்றன என்பது தமக்குத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அவற்றுக்கு 'லங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று 1893இல் பெயர் சூட்டப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. தெரியாது என்று 21 வயதில் எழுத்தில் கொடுப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். இன்றைய விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதோ என்னவோ.

இந்த இடத்தில் என்னுடைய சொந்தப் பாவம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் செய்திப்பகுதியில் இருந்தபோது, மருத்துவ மாணவி ஒருவர் செய்த சிறிய ஆய்வின் சுருக்கம் என் கைக்கு வந்தது. கொழும்புப் பாடசாலை ஒன்றில், ஒரே வகுப்பு மாணவியரிடையே இரத்தச்சோகை பற்றிக் கணக்கெடுத்திருந்தார். அவர் எழுதியதில் தவறில்லை. ஒரு வகுப்பு என்று தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார். நான் தலைப்பில் 'கொழும்பு மாணவியர்' என்று போட்டேன். பாதிப்பு 'பரவுகிறது' என்றும் போட்டேன். எதிலிருந்து எதற்குப் பரவியது என்று என்னிடம் எவரும் கேட்கவில்லை. பக்கம் முடிக்க வேண்டிய நேரம். மறுநாள் பெற்றோர் பாடசாலை வாசலில் கூடினார்கள். அதிபர், அனுமதி கொடுத்த தம் பெருந்தன்மைக்கு இதுவா பலன் என்று கேட்டார். அந்த மாணவியை அவருடைய மேற்பார்வையாளர் அழைத்துப் பேசியிருக்கிறார். மாலையில் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். திட்டவில்லை. "சேர், அது ஒரு வகுப்புத்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்து, உட்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் திருத்தம் வெளிவந்தது. அதை யார் வாசித்திருப்பார்கள்?

அவர் பின்னர் நல்ல மருத்துவராகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆராய்ச்சியின் பக்கம் திரும்பவும் போனாரா என்பதை விசாரிக்க எனக்கு மனம் துணியவில்லை. ஓர் எண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது தெரியாத ஒருவன் அதைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதை அன்று கற்றேன். கற்றவன் நான்; விலை கொடுத்தது அந்தப் பிள்ளை. ஆகவேதான் மருமகள் 'முதலில் புள்ளிவிபரவியல்' என்று சொன்னபோது என் மனம் அவள் பக்கம் சாய்ந்தது. இது பக்கச்சார்பு என்பதும் எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு விருந்து. முன்னர் எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்து, இப்போது செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் நண்பரின் வீடு. வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் போனோம். (ஓட்டோ பிடிக்கலாமே என்றாள், 155இல் போகாதவன் கொழும்பைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்வதில்லை.) பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்களைக் காட்டிவிட்டு, நண்பரின் வீட்டுக்குப் போய்ச் சேர நண்பகலாகிவிட்டது.

நண்பரின் மகன் 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரத்தை எழுதியவன். அந்த ஆண்டுப் பரீட்சை நடந்ததே 2024 ஜனவரியில். பெறுபேறு வந்தது மே மாத இறுதியில். மருத்துவபீடத்துக்குத் தெரிவாகி, எப்போது அழைப்பார்கள் என்று காத்திருந்தான். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து எங்கள் பிள்ளைகளின் நாட்காட்டியைக் குழப்பிவிட்ட காலம் அது. கனடாப் பிள்ளை நேரமில்லை என்று தவிக்கிறது; கொட்டாஞ்சேனைப் பிள்ளை நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை என்பது சாப்பாட்டுக்குப் பின்னரே தெரிந்தது. அவனுடைய அப்பாச்சிக்கு நீண்டகால நீரிழிவு. இரவில் இன்சுலின் ஏற்றுபவர். காலையில் வெறுவயிற்றில் விரலில் குத்திச் சீனி பார்க்கும் வேலை பேரனுடையது. ஒரு சீஆர் கொப்பியில் திகதி, நேரம், அளவு, முதல்நாள் இரவுச் சாப்பாடு என்று நான்கு நிரல் போட்டு எழுதி வைத்திருந்தான். அளவு பெரும்பாலான நாட்களில் 130, 140 என்று நிற்கும். இடையிடையே 230, 250 என்று பாயும். கிளினிக்கில் மருத்துவர் அந்தப் பாய்ச்சலைப் பார்த்து, இரவு இன்சுலினைக் கூட்ட வேண்டிவரலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாரும் அப்பாச்சி களவாக ஏதோ தின்கிறார் என்றே முடிவுகட்டினார்கள். அவர் அழுதிருக்கிறார்.

பையன் கொப்பியைத் திரும்பப் புரட்டினான். பாய்ந்த நாட்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை. வியாழன் இரவுச் சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படியில் நின்று கவனித்தான். அப்பாச்சி விடியற்காலையில் குளித்து, சாமிக்குப் பஞ்சாமிர்தம் செய்வதற்காக வாழைப்பழத்தை உரித்து, சர்க்கரையோடு கையால் பிசைகிறார். கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்து விரலை நீட்டுகிறார். பேரன் ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டுக் குத்துகிறான்.

அன்று அவன் இரண்டு முறை அளந்தான். முதலில் வழக்கம்போல்: 241. பிறகு அப்பாச்சியைச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் செய்து, துடைத்து உலரவிட்டு, மற்றொரு விரலில்: 134. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தன் விரலிலேயே பழத்தைப் பூசிப் பார்த்தான்; பத்தொன்பது வயதுச் சுகதேகிக்கு நீரிழிவு வந்துவிட்டதாகக் கருவி சொன்னது.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் கொண்டுபோனான். மருத்துவர் பக்கங்களைப் பார்த்துச் சிரித்தாராம். "இது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தான் தம்பி. ஆனால் உங்கட அப்பாச்சி வெள்ளிக்கிழமையில பஞ்சாமிர்தம் பிசையிறது எங்களுக்குத் தெரியாது." இன்சுலின் கூட்டப்படவில்லை. கூட்டியிருந்தால், உண்மையில் 130 இருக்கும் ஒரு முதியவருக்கு நள்ளிரவில் சீனி இறங்கிப்போயிருக்கலாம். இறங்கினால் நினைவு தப்பும். பக்கத்தில் படுத்திருப்பவர் அதை நித்திரை என்றே நினைப்பார். பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு பொய்யாக உயரும் என்பதையும், ஸ்பிரிட்டால் துடைப்பது அதற்குப் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதையும் ஜப்பானிய மருத்துவர்கள் 2011இல் ஓர் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். பையன் அதைப் பின்னர் தேடி வாசித்திருந்தான்.

மருமகள் அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நீங்கள் எழுதி எங்கயாவது போடேல்லையோ?" என்று கேட்டாள்.

"போட என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. எனக்கு மட்டும்தான் புதுசு" என்றான் அவன். அப்பாச்சி உள்ளேயிருந்து, "நான் களவாத் தின்னேல்லை எண்டு எழுதச் சொல்லு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மருதானை தாண்டிய பிறகே இருக்கை கிடைத்தது. "எனக்கு அப்பிடி ஒரு கேள்வி இல்லை மாமா" என்றாள். சிறிது நேரம் கழித்து, "ஆனால் பெஸ்டுக்கும் இருக்கேல்லைத்தானே? அது பாண்டிங்கின்ர கேள்வி. அவர் காசு சுண்டித்தானே போனவர்" என்றாள். சரியான அடி. என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. கேள்வி வரும்வரை காத்திருப்பேன் என்பவன் ஓய்வூதியம் வரை காத்திருக்கவும் கூடும். எங்கள் கலைப்பீடத்திலே அப்படிச் சிலரை அறிவேன். பிறருடைய கேள்விக்குக் கைகொடுத்துப் பழகுவதும் ஒரு வழிதான். ஆனால் கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பெஸ்டிடம் அளக்கத் தெரிந்த கை இருந்தது.

அன்றிரவு நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். முதலாம் ஆண்டுக் கோடையில் போவதால் குடி முழுகிவிடாது. ஆனால் இரசாயனவியலில் விழுந்துகொண்டு போனால், விழுந்தது விண்ணப்பத்தில் நான்கு ஆண்டுகளுக்கும் தெரியும், ஆய்வுகூடத்தில் நின்ற நான்கு மாதம் ஒரு வரியாகத்தான் தெரியும். உன்னுடைய பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் ஆண்டு மாணவர்க்கென்று ஆய்வு வாய்ப்புப் பாடநெறி உண்டு. அவர்கள் அந்த ஆண்டைத் தெரிந்ததற்குக் காரணம் இல்லாமலிருக்காது. போவதாயின் ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுகளாவது நில். மூன்று இடங்களில் தலைகாட்டுவதைவிட அது மேல். போவதற்கு முன் அந்தப் பேராசிரியரிடம், வாராவாரம் நான் என்ன செய்வேன், யார் எனக்குக் கற்பிப்பார் என்று நேரே கேள். கட்டுரையில் பெயர் போடுவோம் என்ற வாக்கை நம்பிப் போகாதே. இதைச் சொல்லும்போது அந்த இரத்தச்சோகைக் கதையையும் சொன்னேன். என் மனைவிக்கே அதுவரை தெரியாத கதை.

அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் விமானமேறினாள். பின்னர் தங்கை மூலம் அறிந்தேன்: ஆய்வுகூடத்துக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதிவிட்டாள், வீட்டில் பெரிய சண்டை, அந்தச் சண்டையில் என் பெயரும் அடிபட்டிருக்கிறது. 2025 கோடையில் இரசாயனவியலையும் புள்ளிவிபரவியலையும் படித்தாள். இரசாயனவியலில் எதிர்பார்த்த அளவு புள்ளி வரவில்லை, முன்னையதைவிடப் பரவாயில்லை என்றார்கள். செப்ரெம்பரில், தானே மின்னஞ்சல் எழுதி, வேறொரு ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். பதினொரு பேருக்கு எழுதியதில் இருவர் பதில் போட்டார்களாம். ஒருவர் இடமில்லை என்றாராம்.

கொட்டாஞ்சேனைப் பையனையும் பீடம் அழைத்துவிட்டது. உடற்கூற்றியல் புத்தகத்தோடு அல்லாடுகிறான். கொப்பி இப்போது அவனுடைய தங்கையின் கையில். அவளுடைய எழுத்து அவ்வளவு ஒழுங்கில்லை என்று முறைப்பாடு.

மருமகளிடமிருந்து கடைசியாக வந்த குரல்செய்தி இது: "மாமா, மூண்டு கிழமையா பிப்பெற் பிடிக்கத்தான் பழக்கினம். ஒரே தண்ணியைத் திரும்பத் திரும்ப அளக்கிறன். இன்னும் சரியா வரேல்லை." மைத்துனர் இன்னும் என்னோடு பேசவில்லை.